ராத்திரியில் மாறிய ஒரு எண்: நீதிபதி பீட்டர் மஹோனின் கதை

ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின நாள் சர்வர் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் முதல் மெசேஜ் என்னவாக இருக்கும்? எப்படிப் படுத்தது என்று யாரும் கேட்க மாட்டோம். யார் கை வெச்சது என்றுதான் கேட்போம். பெயர் கிடைத்தவுடன் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அவனைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். சர்வர் ஏன் படுத்தது என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

விமான விபத்துகளிலும் ரொம்ப காலம் இதே கதைதான் நடந்தது. விபத்து நடக்கும், விசாரணை நடக்கும், கடைசியில் பைலட்டின் தவறு என்று ஒரு வரி வரும். ஃபைல் மூடப்படும். இறந்துபோன பைலட் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை, இல்லையா?

அந்த ஃபைலை மூட மறுத்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் இன்ஜினியர் இல்லை, பைலட்டும் இல்லை. நியூசிலாந்தில் ஒரு நீதிபதி. பெயர் பீட்டர் மஹோன். ஏரோ டிபார்ட்மென்ட் மட்டும் படிக்க வேண்டிய கதை என்று நினைத்து ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நாளைக்கு எந்த கம்பெனியில் உட்காரப் போகிறீர்களோ, அங்கேயும் இந்தக் கதை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

கோர்ட்டிலேயே வளர்ந்தவர்

மஹோன் 1923 நவம்பர் 1-ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்து ராணுவத்தில் பணியாற்றினார். சட்டம் படித்து, சொந்த ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

1954-ல் அந்த ஊரையே உலுக்கிய ஒரு கொலை வழக்கு நடந்தது. இரண்டு டீன்ஏஜ் பெண்கள் சேர்ந்து, அவர்களில் ஒருத்தியின் அம்மாவைக் கொன்றுவிட்டார்கள். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எடுத்த பீட்டர் ஜாக்சன் அதற்கு முன்பு 1994-ல் எடுத்த ஹெவன்லி க்ரீச்சர்ஸ் படம் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான். அந்த வழக்கில் அரசுத் தரப்பில் ஜூனியர் வக்கீலாக இருந்தவர் நம்ம மஹோன். ஒரு சாட்சி எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கவனிப்பதுதான் அவருடைய அன்றாட வேலை.

1971-ல் அவர் நீதிபதி ஆனார். அப்படியே அமைதியாக ஓய்வு பெற்றிருந்தால் இன்று வெளிநாட்டில் அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்குள் 1979 வந்தது.

பனிக்கண்டத்துக்கு ஒரு நாள் டூர்

ஏர் நியூசிலாந்து அப்போது முழுக்க முழுக்க அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனி. 1977 பிப்ரவரியிலிருந்து அண்டார்டிகாவுக்கு டூரிஸ்ட் விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. தரையிறங்குவதெல்லாம் கிடையாது. காலையில் ஆக்லாந்தில் கிளம்பி, பனிக்கண்டத்தின் மேல் ஒரு சுற்று சுற்றி, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பி வரவேண்டியதுதான்.

1979 நவம்பர் 28. டிசி-10 விமானம். 237 பயணிகள், 20 ஊழியர்கள். கேப்டன் ஜிம் காலின்ஸ், 11,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் அண்டார்டிகாவுக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. கோ-பைலட்டும் போனதில்லை. முதலில், அனுபவம் உள்ள ஒருவர் கூடவே வர ஒரு தடவை போய் வந்த பிறகுதான் கேப்டனாக அனுப்பலாம் என்று விதி இருந்தது. பிறகு அது கைவிடப்பட்டது. ஒரு பிரீஃபிங் நடத்தினால் போதும் என்று ஆனது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய அரசுத் துறையும் அதற்குச் சரி என்று சொல்லிவிட்டது.

காலின்ஸுக்கு நவம்பர் 9-ஆம் தேதி பிரீஃபிங் நடந்தது. அங்கே காட்டப்பட்ட பாதை, மெக்மர்டோ சவுண்ட் என்ற அகலமான நீர்ப்பரப்பின் நடுவே போனது. கீழே உறைந்த கடல், தட்டையான பனி. இடது பக்கம் ராஸ் தீவு, அதில் எரபஸ் என்ற எரிமலை. உயரம் சுமார் 3,800 மீட்டர், நம்ம தொட்டபெட்டாவைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் அதிகம். ஆனால் பாதை அதிலிருந்து நன்றாகத் தள்ளியே போனது. கவலைப்பட ஒன்றுமில்லை. காலின்ஸ் ஒழுங்கான மனிதர். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டில் அட்லஸையும் மேப்பையும் விரித்து, மறுநாள் போகப்போகும் பாதையைக் குறித்துப் பார்த்தார்.

மறுநாள் அண்டார்டிகாவை நெருங்கும்போது மேலே மேகம், ஆனால் மேகத்துக்குக் கீழே தெளிவாக இருந்தது. அங்கிருந்த அமெரிக்கத் தளமும், 1,500 அடி வரை இறங்குவதற்கு ரேடார் உதவி தருவதாகச் சொல்லியிருந்தது. காலின்ஸ் இரண்டு வட்டமடித்து இறங்கினார். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் கறுப்பாகப் பாறைக் கரைகள். மேப்பில் பார்த்த மாதிரியே இருந்தது. தரையோடு சரியாக ரேடியோ தொடர்பு கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் உறுத்தல்.

மதியம் 12.50-ஐ ஒட்டி, தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி அலறியது. மிச்சம் இருந்தது சுமார் ஆறு நொடி. விமானம் எரபஸ் மலையின் அடிவாரச் சரிவில் மோதியது. 257 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

முதல் பதில்

அரசின் தலைமை விபத்து விசாரணை அதிகாரி ரான் சிப்பிண்டேல். அவருடைய அறிக்கை 1980 ஜூன் மாதம் வெளியானது. அது சொன்ன முக்கியக் காரணம் இதுதான்: எங்கே இருக்கிறோம் என்பதே குழுவினருக்கு உறுதியாகத் தெரியாத நிலையில், தரையும் அடிவானமும் சரியாகத் தெரியாத பகுதியை நோக்கி, தாழ்வான உயரத்தில் தொடர்ந்து பறக்கக் கேப்டன் எடுத்த முடிவு.

படிக்க ரொம்ப நியாயமாகத்தான் இருக்கிறது. குறைந்தபட்ச உயரம் என்று விதி இருக்கிறது, அதற்குக் கீழே இறங்கினார், மோதினார். முடிந்தது கதை.

ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 11,000 மணி நேரம் பறந்த ஒருவர், கண்ணெதிரே 3,800 மீட்டர் மலை இருக்கும்போது ஏன் நேராக அதை நோக்கிப் போகிறார்? அவர் பக்கத்தில் இருந்த அனுபவசாலிகள் ஒருவர்கூட ஏன் கத்தவில்லை? அறிக்கை சொன்ன பதில் உண்மையாகவே இருந்தாலும், இந்தக் கேள்விகள் அப்படியே நிற்கின்றன. நாடு முழுக்கச் சலசலப்பு. அரசு தனியாக ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. அதில் ஒரே உறுப்பினர் நீதிபதி மஹோன்.

166-ம் 164-ம்

ஒரு நீதிபதிக்கு விமானம் பற்றி என்ன தெரியும் என்று அப்போது பலர் நினைத்திருக்கலாம். அவர் முதலில் செய்தது, உட்கார்ந்து பாடம் படித்ததுதான். நேவிகேஷன் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது, அதில் எண்களை யார் போடுகிறார்கள், அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். விசாரணை 75 நாள் நடந்தது. வெளிநாடுகளுக்குப் போய் நிபுணர்களைச் சந்தித்தார். அண்டார்டிகாவுக்கே போய் அந்த இடத்தைப் பார்த்தார்.

அவர் கண்டுபிடித்ததை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

1978-ல் கம்பெனி தன் விமானப் பாதைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. மெக்மர்டோ புள்ளியின் தீர்க்கரேகை 166 டிகிரி 48 நிமிடம். கம்ப்யூட்டரில் இருந்ததோ 164 டிகிரி 48 நிமிடம். ஆறுக்குப் பதில் நான்கு. ஒரே ஒரு இலக்கம். பாதை மலையைத் தாண்டும் பழைய கோட்டிலிருந்து சுமார் 27 மைல் மேற்கே நகர்ந்து, சவுண்டின் நடுவே வந்துவிட்டது. இது டைப்பிங் பிழை என்றது கம்பெனி. மஹோன் அதை நம்பவில்லை. எப்படி வந்திருந்தாலும் 14 மாதம் விமானங்கள் அந்தப் பாதையில்தான் பறந்தன. பிரீஃபிங்கில் காட்டப்பட்டதும் அதுதான். மலையிலிருந்து தள்ளிப் போனதால், உண்மையில் அது பாதுகாப்பான பாதை!

நவம்பர் 14-ஆம் தேதி போய் வந்த ஒரு கேப்டன், அங்குள்ள ரேடியோ பீக்கனுக்கும் கம்ப்யூட்டர் புள்ளிக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறதே என்று கவனித்தார். இதைப் பைலட்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது என்ற எண்ணத்தில் ஆபீசில் சொன்னார். கேட்டவர்கள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். பழைய 166 டிகிரி புள்ளிதான் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அவர்கள் நினைப்பு. அதைப் பீக்கனுக்கு நேராக நகர்த்தினால் வெறும் 2.1 மைல் வித்தியாசம். இதைப் போய் யாரிடம் சொல்வது?

விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, ராத்திரியோடு ராத்திரியாக எண் மாற்றப்பட்டது. நிஜத்தில் பாதை 27 மைல் கிழக்கே நகர்ந்து எரபஸ் மலைக்கு நேராக வந்து நின்றது. காலின்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் கையில் கொடுத்த தாளில் இருந்த எண்களைக் குழுவினர் சரியாக, ஒரு தப்பும் இல்லாமல், கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள்.

கவனிச்சீங்களா? இதில் ஒருவர்கூட சோம்பேறி இல்லை. ஒருவர் பிழையைக் கவனித்துச் சொன்னார். இன்னொருவர் சரிசெய்தார். பைலட்கள் கொடுத்ததை ஒழுங்காக ஏற்றினார்கள். எல்லோரும் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடத்தில் மட்டும் யாரும் இல்லை.

கண் எப்படிப் பொய் சொன்னது

சரி, கம்ப்யூட்டர் தப்பான வழியில் கூட்டிப் போனது. ஆனால் கண் இருக்கிறதே? மலை தெரிந்திருக்க வேண்டாமா?

இங்கே மஹோனுக்கு உதவியவர் கார்டன் வெட், அதே கம்பெனியின் சீனியர் கேப்டன். இறந்துபோன சக பைலட்டை முட்டாளாக்கும் பதிலை அவரால் ஏற்க முடியவில்லை. மனிதக் கண்ணும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று நிபுணர்களோடு சேர்ந்து தோண்டினார். விடை, வொயிட்அவுட். பனிப்புயல் என்று நினைத்துவிடாதீர்கள். காற்று தெளிவாக இருக்கும். பல மைல் தூரம் தெரியும். ஆனால் மேலே ஒரே சீரான மேகம், கீழே ஒரே சீரான பனி. வெளிச்சம் இரண்டுக்கும் நடுவே சிதறிச் சிதறி நிழலே இல்லாமல் போய்விடும். நிழல் இல்லை என்றால் மேடு பள்ளம் இல்லை. மேலே ஏறிப் போகும் வெள்ளைச் சரிவு, தூரத்தில் அடிவானம் வரை விரிந்த தட்டையான பனிப் பரப்பு மாதிரித் தெரியும்.

அத்துடன் ஒரு கொடுமையான பொருத்தம். இரண்டு பக்கமும் தெரிந்த கறுப்புப் பாறைகள், மெக்மர்டோ சவுண்டின் வாயிலில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே தெரிந்தன. உண்மையில் அவை ராஸ் தீவின் வட கரையில் உள்ள வேறு முனைகள். அவர்கள் நுழைந்துகொண்டிருந்தது லூயிஸ் வளைகுடா. நேராக எதிரே மலை. ரேடியோ தொடர்பு சரியாகக் கிடைக்காததற்குக் காரணமும் அதே மலை. நடுவே நின்று சிக்னலை மறைத்துக்கொண்டிருந்தது.

சிதைவுகளுக்கு நடுவே பயணிகளின் கேமராக்கள் கிடைத்தன. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், கடைசி நிமிடங்களில் எடுத்த படங்களில் வெளியே தெளிவாக இருக்கிறது. மேகத்துக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு பறந்தார்கள் என்ற எண்ணத்துக்கு அந்தப் படங்கள் பதில் சொல்லிவிட்டன. அவர்கள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். பார்த்ததைத்தான் நம்பினார்கள்.

தாழ்வாகப் பறந்ததும்கூட காலின்ஸ் அன்று கண்டுபிடித்த வழக்கம் இல்லை. அதற்கு முன் போன பல விமானங்கள் அப்படித்தான் பறந்தன. கம்பெனியின் விளம்பரங்களே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. தாளில் ஒரு விதி, நடைமுறையில் இன்னொன்று. விபத்து நடந்த பிறகு மட்டும் எல்லோருக்கும் தாளில் இருந்த விதி ஞாபகம் வந்தது. நம்ம ஹாஸ்டல் விதிகளை நினைச்சுப் பாருங்க, உடனே புரியும்.

1981 ஏப்ரலில் மஹோன் அறிக்கை கொடுத்தார். குழுவினர் மேல் தவறு இல்லை. விபத்தின் முதன்மையான காரணம், பாதையை மாற்றிவிட்டு அதைப் பறக்கப் போகிறவர்களிடம் சொல்லாமல் விட்டது. அதற்கு வேர், எழுத்தில் எதையும் வைக்காமல் வாய்வார்த்தையிலேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு நிர்வாகம். விபத்து மலையில் நடந்தது. ஆனால் அது தொடங்கிய இடம் ஆக்லாந்தில் உள்ள ஆபீஸ்.

அவர் சறுக்கிய இடம்

கதை இங்கே முடிந்திருந்தால் இது ஒரு ஹீரோ கதை. ஆனால் மஹோனைப் பற்றி எழுதும்போது அடுத்த பகுதியை மறைத்தால் அது நியாயம் இல்லை.

விசாரணையில் சில விஷயங்கள் அவரை ரொம்பக் கோபப்படுத்தின. விபத்துக்குப் பிறகு, தேவைக்கு மேல் இருந்த ஆவணப் பிரதிகளை அழிக்கச் சொல்லி கம்பெனியின் தலைமை நிர்வாகியே உத்தரவிட்டிருந்தார். பத்திரிகைகளுக்குக் கசியக் கூடாது என்பதற்காகத்தான் என்று அவர் விளக்கம் சொன்னார். விபத்து நடந்த இடத்தில் கிடைத்த காலின்ஸின் குறிப்பேட்டில் பக்கங்கள் காணாமல் போயிருந்தன. அதிகாரிகள் சொன்ன சாட்சியங்கள் பல, மஹோனுக்கு நம்பும்படி இல்லை. கம்பெனி ஆட்கள் கூட்டாகச் சேர்ந்து திட்டமிட்டுப் பொய் சொன்னார்கள் என்று அறிக்கையில் எழுதிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் நியூசிலாந்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. 1,50,000 டாலர் செலவுத் தொகை கட்டவும் கம்பெனிக்கு உத்தரவிட்டார்.

கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. பிரதமர் ராபர்ட் மல்டூன் மஹோனுக்கு எதிராகப் பேசினார். 1981 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் செலவு உத்தரவை ரத்து செய்தது. ஒருவர் மேல் சதி என்று குற்றம் சொல்வதற்கு முன் அவரிடம் அதைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மஹோன் அதைச் செய்யவில்லை. 1982-ல் அவர் நீதிபதி பதவியை விட்டு விலகினார். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போனது. 1983 அக்டோபரில் அங்கேயும் அவர் தோற்றார். விபத்தின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த அவருடைய உழைப்பை அந்த நீதிபதிகள் பாராட்டினார்கள். சதி என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப உறுத்துகிற இடம் இதுதான். மாற்றத்தைப் பற்றி பைலட்டிடம் சொல்லாமல் விட்டது கம்பெனி. குற்றச்சாட்டைப் பற்றி அதிகாரிகளிடம் முன்பே சொல்லாமல் விட்டார் நீதிபதி. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றில் 257 உயிர் போனது. ஆனால் இரண்டிலும் விடுபட்டது அதே ஒரு படிதான். பைலட் என்ற ஒரு ஆளைத் தாண்டி அமைப்பைப் பார்த்த அதே மஹோன், கடைசியில் அமைப்பை விட்டுவிட்டு ஆட்களைத் தேட ஆரம்பித்துவிட்டார். நாடே அந்தச் சதி வாக்கியத்தைப் பற்றிப் பல வருஷம் சண்டை போட்டது. அறிக்கையில் இருந்த பெரிய பாடம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. பெயரைத் தேடும் ஆசை அவ்வளவு சீக்கிரம் யாரையும் விடாது. அவரையே விடவில்லை.

பிறகு என்ன ஆனது

மஹோன் 1984-ல் தன் தரப்பைப் புத்தகமாக எழுதினார். 1986 ஆகஸ்ட் 11 அன்று இறந்தார். வயது 62.

அவருக்குப் பிறகுதான் உலகம் மெதுவாக அவர் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1989-ல் கனடாவின் டிரைடன் ஊரில் ஒரு விமானம் இறக்கையில் பனியோடு மேலே எழும்பி விழுந்தது. 24 பேர் இறந்தார்கள். நீதிபதி மொஷான்ஸ்கி நடத்திய விசாரணை, பைலட்டோடு நிற்காமல் கம்பெனியையும் அரசுத் துறையையும் ஆராய்ந்தது. 1990-ல் உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ரீசன், மனிதத் தவறு பற்றிய தன் புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிட்டார். நம்ம சேஃப்டி பாடத்தில் வரும் சுவிஸ் சீஸ் படம் அவர் வழியாக வந்ததுதான். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு ஓட்டை இருக்கும், எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளில் விபத்து நடக்கும். எரபஸ் கதையை இப்போது திரும்பப் பாருங்கள். கைவிடப்பட்ட விதி ஒரு ஓட்டை. பிரீஃபிங் ஒரு ஓட்டை. ராத்திரி மாறிய எண், நிழல் இல்லாத வெளிச்சம், எட்டாத ரேடியோ. எல்லாம் ஒரே நேர்கோட்டில்.

2013-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே தனி விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. இன்று ஒரு ஏர்லைன் வழியையோ மென்பொருளையோ நடைமுறையையோ மாற்றினால், அந்த மாற்றம் யாரை எல்லாம் பாதிக்கும், அவர்களிடம் சொன்னோமா என்று எழுத்தில் காட்ட வேண்டும். தவறைச் சொல்ல வருகிற ஊழியரைத் தண்டிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். இது யாரையும் பொறுப்பிலிருந்து தப்பவிடுவதற்காக இல்லை. தண்டனைக்குப் பயந்து ஒருவன் வாயை மூடிக்கொண்டால், அடுத்த ஓட்டை யாருக்கும் தெரியாமலே இருக்கும்.

நியூசிலாந்துக்குள் மனசு மாற இன்னும் நேரம் எடுத்தது. மஹோனின் அறிக்கை அந்நாட்டு நாடாளுமன்றத்தில் முறைப்படி வைக்கப்பட்டதே 1999-ல்தான். 2008-ல் விமானிகள் சங்கம் அவர் இறந்து 22 வருஷம் கழித்து அவருக்கு ஒரு விருது கொடுத்தது. அந்த விருதின் பெயர் என்ன தெரியுமா? ஜிம் காலின்ஸ் நினைவு விருது. 2019-ல், விபத்தின் நாற்பதாவது நினைவு நாளில், பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் அரசு சார்பில் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். சிப்பிண்டேலின் அறிக்கைதான் சரி, குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்று சொல்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அந்தச் சண்டை முழுசாக முடியவில்லை.

நாம் அதில் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் ஏதோ ஒரு ஆபீசில் உட்கார்ந்து, ராத்திரி ஷிஃப்டில், ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரு எண்ணை மாற்றப் போகிறோம். ஒரு வால்வின் செட்டிங்காக இருக்கலாம், ஒரு டிராயிங்கில் ஒரு டாலரன்ஸாக இருக்கலாம், மருந்து கம்பெனி சாஃப்ட்வேரில் ஒரு டெசிமலாக இருக்கலாம். சின்ன மாற்றம்தானே, சரிதானே செய்கிறோம் என்று தோன்றும். பெரும்பாலும் சரியாகவும்தான் இருக்கும். அந்த ராத்திரி ஆக்லாந்தில் மாற்றியவர்களும், வெறும் 2.1 மைல்தானே என்றுதான் நினைத்தார்கள்.

அதனால் சேவ் பட்டனை அழுத்திய பிறகு ஒரு நிமிஷம் நில்லுங்க. பழைய எண்ணை நம்பிக்கொண்டு யாராவது எங்கேயாவது மேப்பை விரித்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று யோசிங்க. இருந்தால், போன் பண்ணி எழுப்பிச் சொல்லுங்க. தூக்கத்தைக் கெடுத்ததுக்குத் திட்டுவார்கள், பரவாயில்லை.